சுகந்தியின் காளை

இண்டைக்கு பேர்ண் நகரத்திலை யூனிவர்சிட்டிப் பிள்ளைகளின்ர உதைபந்தாட்டம் பாக்கப் போனன். பக்கத்து வீட்டு ராசன் அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனவர். அவரின்ர மகள் சுகந்தி அங்கைதான் படிக்கிறாள்.

மட்ச் தொடங்க முன்னம் ஒரு அணி தங்கட சின்னம் எண்டு உயிருள்ள காளை ஒண்டைக் கொண்டுவந்தது. எங்கட வீட்டுக் குசினி அறையளவு உடம்பு. அதின்ர மூக்கு வளையத்துக் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தது சுகந்தி.

திடீரெண்டு ட்ரம் அடிச்சினம். காளை தலையைக் குனிஞ்சு நிலத்தைக் கிளறிச்சுது. முன்வரிசைச் சனம் எழும்பி ஓட, நானும் எழும்பிட்டன்.

சுகந்தி கயிற்றை இழுக்கேல்லை. அதின்ர நெத்தியில் கையை வைச்சு, "ஒண்டுமில்லையடா, சும்மா நில்லு" எண்டாள். தமிழிலை.

காளை நீளமாய் ஒரு மூச்சு விட்டிட்டு நிண்டுது. ஓடின சனம் ஒவ்வொண்டாய்த் திரும்பி வந்து இருந்துது.

அண்ணை கண்ணைத் துடைச்சார். "இவள் மிருக வைத்தியமடா படிக்கிறாள். வெக்கத்திலை எல்லாரிட்டையும் ஆக்களின்ர டொக்டருக்குப் படிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டன். உன்ர இன்டர்நெட் குழுவிலை உண்மையை எழுதிவிடு."

இஞ்சை எழுதிட்டன்.

மட்ச்சிலை ஆர் வெண்டதெண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ.