எலிக்கூடத்தில் இரண்டு ஓரகத்திகள்

மருத்துவக் கல்லூரியின் பின்பக்கத்தில், பிணவறைக்கும் சலவைக் கூடத்துக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் சுண்டெலிகள். அவற்றுக்குத் தீனி போட்டு, தண்ணீர்ப் புட்டி மாற்றி, கூண்டு கழுவி, எந்தக் கூண்டில் எத்தனை குட்டி என்று சீட்டில் குறித்து, பதினேழு வருடமாக ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள். வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அவள் பெரியவள். அவளுடைய கொழுந்தனின் மனைவி சின்னவள். ஒரே வீட்டில் கீழே பெரியவள், மாடியில் சின்னவள். வேலையும் ஒரே இடத்தில்தான். சின்னவளை அங்கே சேர்த்துவிட்டதே பெரியவள்.

"என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்று அவள் கணவனிடம் சொல்லாத வாரம் கிடையாது.

"நீ அள்ளிப் போடலைன்னா அவளே அள்ளிப் போட்டிருப்பா, விடு" என்பான் அவன். பேருந்துப் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவன். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவன்.

பொறாமை கெட்ட குணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. யாருக்கு எதன்மேல் பொறாமை என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். சின்னவள் வேலைக்கு வந்த இரண்டாம் வருடமே தபால் வழியில் ஆய்வக டிப்ளமோ படித்தாள். மாடியில் அவள் படித்த ஒன்றரை வருடமும் மாடிக்குச் சோறு போனது பெரியவளின் அடுப்பிலிருந்து. டிப்ளமோ கைக்கு வந்ததும் சின்னவளுக்கு வெள்ளைக் கோட்டு, மேஜை, சுழல் நாற்காலி, கணினி எல்லாம் வந்தன. பெரியவளுக்கு அதே பச்சை அங்கி, அதே ரப்பர் செருப்பு. உட்காருவதற்கு ஒரு தீனி மூட்டை.

மாலையில் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டால், அது காதில் விழாமல் இருக்கப் பெரியவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். டாக்டரம்மா இன்று தன்னைப் பாராட்டியதைச் சின்னவள் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். கொடியில் காயும் வெள்ளைக் கோட்டின்மேல் தன் புடவைச் சாயம் படட்டும் என்று ஒருமுறை பக்கத்திலேயே போட்டாள். படவில்லை. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

டாக்டரம்மா, அந்த எலிகளை வைத்து ஆராய்ச்சி நடத்துகிறவர். அவருடைய ஆராய்ச்சி வெப்பத் தாக்குதலைப் பற்றியது. அதே வெப்பத் தாக்குதல் இவர்கள் வீட்டிலும் நடந்திருந்தது. தற்செயல், விதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொழுந்தன் தகரக் கொட்டகையில் இரும்பு வார்க்கும் வேலை செய்தவன். இரண்டு கோடைக்கு முன் ஒரு மதியம் உலைக்கு முன்னாலேயே விழுந்தான். உடம்புச் சூடு நாற்பத்திரண்டு டிகிரி செல்சியஸ். "குடிச்சுட்டு வந்திருப்பான்" என்று சொல்லி மேஸ்திரி அவனை ஒரு மணி நேரம் அப்படியே கிடத்தியிருந்தான். அவன் வாழ்நாளில் குடித்ததில்லை. தண்ணீர்க் குழாய் கொட்டகையிலிருந்து முந்நூறு அடி தள்ளி இருந்ததை எந்த விசாரணைத் தாளிலும் யாரும் எழுதவில்லை. ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தான். பாதங்கள் மட்டும் பிழைக்கவில்லை. தரையில் நிற்கிறோமா மெத்தையில் நிற்கிறோமா என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் டாக்டரம்மா இரண்டு பெண்களையும் நிற்க வைத்து விளக்கினார்.

"வெயில் நேரா வந்து ஆளை அடிக்கறதில்லைம்மா. சூடு ஏறினா குடலோட சுவர் கசிய ஆரம்பிக்குது. குடல்ல இருக்கற கிருமியோட விஷம் ரத்தத்துல இறங்குது. வெளியில ஒரு புண்ணு இருக்காது, ஆனா ரத்தம் முழுக்க சீழ் பிடிச்ச மாதிரி உடம்பு தன்னைத்தானே அடிச்சுக்கும். அதுல பிழைச்சாலும் நரம்பு போயிடுது."

குடல் சுவரைக் காக்கும் ஒரு மருந்தை அவர் சோதித்துக்கொண்டிருந்தார். எலியின் வயிற்றில் சிறு மாத்திரையளவு கருவி இருக்கும். அது உடம்புச் சூட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான பெட்டியில் எலியை வைத்து, உடம்பு நாற்பத்திரண்டரை டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுக்க வேண்டும். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்பு நீர். பிறகு ரத்தம் பார்ப்பார்கள். சில வாரம் கழித்து நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள்.

தெருவில் இதெல்லாம் செல்லாது. "எலியைச் சாகடிக்கறது பாவம் இல்லையா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"உங்க வீட்டு எலிப்பொறியில மாட்டினதை என்ன பண்ணீங்க? ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா?" என்றாள் பெரியவள்.

எதிர்வீட்டுக்காரி அதன்பிறகு பாவத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிரந்தர டெக்னீஷியன் வேலை ஒன்று காலியானது. ஒரே ஒரு இடம். டாக்டரம்மாவின் பரிந்துரை இல்லாமல் கிடைக்காது. பதினேழு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவளுக்கும் நாலு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவளுக்கும் அந்த ஒரு நாற்காலியின்மேல் கண். பெரியவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னவள் வெளிப்படையாகவே விண்ணப்பத்தை நிரப்பினாள். "அக்கா, நீங்களும் போடுங்க" என்றுகூடச் சொன்னாள். அந்தத் தாராளத்தைக் கேட்டுப் பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

முதல் தொகுதியில் எலிகளைக் கூண்டிலிருந்து பெட்டிக்கு மாற்றியது பெரியவள். அடுத்த அறையில் திரை முன் உட்கார்ந்து எண்களைக் குறித்தது சின்னவள். எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தன. அப்புறம் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: சோதனை விலங்கைத் தகுதிச் சான்று உள்ளவர்தான் தொட வேண்டும். பெரியவள் கழுவும் தொட்டிக்குத் திரும்பினாள். அடுத்த தொகுதியில் ஒரு எலி நூறாவது நிமிடத்தில் நாற்பத்திரண்டரையைத் தொட்டது. அதே வயசு, அதே எடை, பக்கத்துக் கூண்டு எலி இருநூற்றுப் பத்தாவது நிமிடத்தில். மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒரே கலவை. மறுபடி இரண்டு தடவை, தடவைக்கு இருபத்துநாலு எலி. மறுபடி அதே குழப்பம். டாக்டரம்மா பெட்டியை மாற்றினார், வெப்பமானியை மாற்றினார், தீனியை மாற்றினார்.

பெரியவளுக்குக் காரணம் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

சின்னவள் எலியை வாலைப் பிடித்துத் தூக்கினாள். சட்டப்படி அதுதான் சரி. சுவரில் ஒட்டியிருந்த தாளில் படமே இருந்தது. பெரியவளும் அப்படித்தான் கற்றாள், சின்னவளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஆறு வருடத்துக்கு முன் பெரியவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கை துடைக்கும் தாள் தீர்ந்துபோன அட்டைக் குழாயைக் கூண்டில் வைத்தால் எலி தானாகவே அதற்குள் போகும். குழாயோடு தூக்கிப் பெட்டியில் சாய்த்துவிடலாம். எலி நடுங்காது, மூத்திரம் பெய்யாது. வாலைப் பிடித்தால் பயத்தில் அதன் உடம்பு பெட்டிக்குப் போகுமுன்பே ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஒன்று அதிகம் பயப்படும், ஒன்று குறைவாக. அந்தக் குழப்பம்தான் கணினித் திரையில் குழப்பமாக வந்தது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவளும் வாலைத்தான் பிடிப்பாள். தனியாக இருக்கும்போது அங்கிப் பையிலிருந்து குழாய் வெளியே வரும். அவளுக்கென்று அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சொத்து அது. மேஜையும் நாற்காலியும் தராதவர்களுக்கு அதை ஏன் தர வேண்டும்? சின்னவளுக்கு ஏன் தர வேண்டும்? தடுமாறட்டும். அந்த நாற்காலியில் அவள் உட்காராமல் போகட்டும்.

எழுபத்திரண்டு எலிகள் வீணாகும்வரை பெரியவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் கீழே வந்தான். படியில் ஆற வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியை மிதித்து, தோல் உரிந்தது தெரியாமலே நடந்து வந்திருந்தான்.

"அண்ணி, என்ன இப்படிப் பாக்கறீங்க?"

"கீழ பாரு, ரத்தம்."

குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "எனக்கு அடுத்த வீட்டுக்காரன் கால் மாதிரிதான் இருக்கு. அண்ணி, அந்த மருந்து என்னாச்சு? அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. ராத்திரியெல்லாம் அழறா."

"உன் பொண்டாட்டியையே கேளு. டிப்ளமோ அவதானே படிச்சா" என்றாள் பெரியவள். பிறகு அவன் காலைக் கழுவி, இரண்டு சுற்றுக்குப் போதுமான இடத்தில் ஐந்து சுற்றுச் சுற்றிக் கட்டுப் போட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா அறிவித்தார். "இந்த மருந்தை விட்டுடலாம். எண் எதுவும் நிக்கலை. இன்னும் எலியை வீணாக்க எனக்கு அனுமதி கிடையாது."

சின்னவள் மேஜையில் தலை கவிழ்ந்தாள். பெரியவள் எதிர்பார்த்திருந்த காட்சி அதுதான். எதிர்பார்த்த இனிப்பு அதில் இல்லை. முட்டாள்தனமான காரணத்துக்காக ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போவதைப் பார்ப்பது வேறு விதமான எரிச்சல்.

"கடைசியா ஒரு தொகுதி எங்கிட்ட குடுங்க. அவ தொடக் கூடாது. சுற்றறிக்கை வந்தா நான் பதில் சொல்றேன்" என்றாள் பெரியவள்.

கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். அனுமதித்த கணக்கில் மிச்சமிருந்த பன்னிரண்டு எலி. எண்கள் வரிசையாக வந்து நின்றன. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எப்படிம்மா?"

"கை ராசி."

"கை ராசியை நான் எழுத முடியாதே. உங்க ஒருத்தர் கைக்கு மட்டும் வர்றதுன்னா அது மருந்தோட வேலையா உங்க வேலையான்னு யாருக்குத் தெரியும்? இன்னொருத்தரும் செஞ்சு அதே எண் வந்தாத்தான் இது நிக்கும். இல்லைன்னா இதுவும் குப்பை."

"அந்த வேலையை எனக்குக் குடுங்க. சொல்றேன்."

டாக்டரம்மா தலையைத் தாழ்த்திக்கொண்டார். "டிப்ளமோ இல்லாம முடியாது. தளர்வு கேட்டு மூணு தடவை எழுதினேன். முடியாதுன்னு ஒரே வரியில பதில் வந்துச்சு."

பதினேழு வருடத்துக்கு ஒரு வரி. பெரியவள் அங்கியைக் கழற்றி வீசிவிட்டுப் போயிருந்தாலும் நியாயம்தான். அவள் அதைவிட மோசமான ஒன்றைச் செய்ய நினைத்தாள். சின்னவளைக் கூப்பிட்டு, அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்ல நினைத்தாள். அப்படியே செய்தாள். பையிலிருந்து அட்டைக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான். வாலைப் புடிச்சுத் தொங்கவிட்டா எலிக்குக் காய்ச்சல் வராம என்ன வரும்? நாலு வருஷமா இங்க வேலை பார்த்து, வெள்ளைக் கோட்டும் போட்டு, இதுகூடத் தெரியலை."

சின்னவள் முகம் சுருங்கியது. ஆனால் குனியவில்லை.

"வாலைப் புடிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு அக்கா?"

பெரியவள் மேஜைமேல் உருண்ட குழாயை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரிஞ்சே சும்மா இருந்தீங்க. மூணு தொகுதி. அவர் காலுக்கு ஞாயித்துக்கிழமை கட்டுப் போட்டதும் நீங்கதான்." சின்னவள் குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்மேல எரிச்சல்னா என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே."

ஒரு மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே சின்னவள் குழாயால் எலியைத் தூக்கக் கற்றாள். இரண்டே நாளில். பெரியவளுக்கு அதற்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதையும் அவள் மனதில் குறித்து வைத்தாள். சின்னவள் கையிலும் எண்கள் ஒட்டி வந்தன. மருந்து கொடுத்த எலிகளில் சாவு பாதியாகக் குறைந்தது, ரத்தத்தில் விஷம் குறைந்தது, நிறைய எலிகள் இழை பட்டதும் காலை இழுத்துக்கொண்டன. எலியில் மட்டும்தான். மனிதனுக்கு வரப் பத்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம்; வந்தாலும் ஏற்கெனவே போன நரம்பு திரும்பாது. கொழுந்தனிடம் டாக்டரம்மா அதை மறைக்காமல் சொன்னார்.

நிரந்தர வேலை சின்னவளுக்குப் போனது.

கட்டுரை தயாரானபோது ஆசிரியர் பட்டியலில் டாக்டரம்மா, அவருடைய இரண்டு மாணவர்கள், சின்னவள். உள்ளே ஒரு வரி: விலங்குகள் குழாய் மூலம் கையாளப்பட்டன. யார் கண்டுபிடித்த குழாய், யார் கை என்று அந்த வரிக்குத் தெரியாது. உலகத்தில் எத்தனையோ வேலைகள் இப்படித்தான் தானாகவே நடந்துவிடுகின்றன.

சின்னவள் அந்தத் தாளோடு டாக்டரம்மா அறைக்குப் போனாள். பெரியவள் வெளியே தண்ணீர்ப் புட்டிகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

"அக்கா பேரு எங்க மேடம்?"

"நன்றி சொல்ற இடத்துல போடலாம்னு..."

"அவங்க கண்டுபிடிச்சது இல்லாம இந்தப் பேப்பரே இல்லை. எனக்கு முன்னால போடுங்க. முடியாதுன்னா என் பேரையும் எடுத்துடுங்க."

"அவங்க உனக்குப் பண்ணினது தெரிஞ்சுமா?"

"அவங்கமேல எனக்குக் கோபம் இருக்கு. அது வீட்டு விஷயம். இது அவங்க வேலை."

கட்டுரை அச்சாகி வந்தது. பெரியவளின் பெயர் நாலாவதாக, சின்னவளின் பெயர் ஐந்தாவதாக. கணவன் அதை வரவேற்பறை விளக்கடியில் பிடித்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"பாரு, அவ பேருக்கு மேல உன் பேரு. இப்பவாவது மனசு குளிர்ந்துச்சா?"

"எங்க குளிரும்?" என்றாள் பெரியவள். "மேல தூக்கி வெச்சது யாரு? அவதானே! வேலையும் அவளுக்கு, நல்ல பேரும் அவளுக்கு. இதுலயாவது என்னை முந்த விட்டாளா?"

சொல்லிவிட்டு அந்தத் தாளை அவன் கையிலிருந்து பிடுங்கி, மடிப்பு விழாமல் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். மாடியில் சின்னவள் ஏதோ சொல்ல, கொழுந்தன் சிரித்தான். பெரியவள் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகாமல் நின்று, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாள்.