முப்பத்தைந்து மில்லிமீற்றர் இடம்

சுலோஜனாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆரையம்பதியில் உதயரூபனின் மாக்கொட்டிலில் பன்னிரண்டு வருடமாக லேபிள் அடித்து ஒட்டுகிறாள். தூக்கத்திலும் அவள் விரல்கள் எதையாவது உரித்துக்கொண்டே இருக்கும். ஒரு விடியலில் புருஷனின் முதுகுத்தோலில் பாதியை உரித்துச் சுவரில் ஒட்டிவிட்டாள். நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள், இன்னும் காலாவதியாகவில்லை.

போன மாதம் கொழும்பிலுள்ள பெரிய கடையொன்று அறுநூறு சிவப்பரிசிமாப் பொதிகளைத் திருப்பி அனுப்பியது. மாவில் குறையில்லை, பார்கோடை அவர்களுடைய மிஷின் வாசிக்கவில்லை. மூன்று தடவை இப்படிப் பிழை வந்தால் கொள்வனவை நிறுத்துவோம் என்பது அவர்களின் ஒப்பந்தம். அந்தக் கடை போனால் மா வறுக்க நாலு பேர் போதும். லேபிளுக்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு? இது சுலோஜனாவுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிழை எங்கேயென்றும் அவளுக்குத் தெரியும். உதயரூபன் முதலாளி மட்டுமல்ல, மச்சான் முறை. தாய் அன்னப்பூரணி செத்து முப்பத்தோராம் நாள் நினைவுமலரில் போட்ட படத்தையே லேபிளிலும் போட்டிருந்தான். பக்கத்தில் மிஞ்சியது முப்பத்தைந்து மில்லிமீற்றர். பார்கோடை அதற்குள் அமுக்கிவிட்டான்.

"மச்சான், இந்தப் பிறின்ரர் ஒரு மில்லிமீற்றருக்கு எட்டுப் புள்ளிதான் வைக்கும். மெல்லிய கோட்டுக்கு ரெண்டு புள்ளி, இல்லாட்டி மூண்டு. ரெண்டரை எண்டு ஒண்டு இல்ல. முப்பத்தஞ்சுக்குள்ள அடக்கினா, ஒரு கோட்டுக்கு ரெண்டும் மத்ததுக்கு மூண்டுமா வைக்குது. கடை மிஷின் என்னத்தக் கண்டுபிடிக்கும்?"

"அப்ப எல்லாத்துக்கும் ரெண்டு வையன்."

"வச்சா இருபத்தெட்டு. அது சின்னன், எடுக்கமாட்டம் எண்டு அவங்களே எழுதியிரிக்காங்க. மூண்டு வச்சா நாப்பத்திரண்டு. மாமிட படத்தில ஏழு மில்லிமீற்றர் வெட்டணும்."

"செத்தவட படத்தையா? உனக்கென்ன விசரா?"

"மாமி உசிரோட இருந்தா, என்னை வெட்டியெண்டாலும் மாவை வித்துத் தொலைடா எண்டிருப்பா."

உதயரூபனுக்குச் சிரிப்பு வந்தது; படத்தை வெட்ட மனம் வரவில்லை. "பார்கோடைத் திருப்பி நட்டமா நிப்பாட்டு. உயரத்தில இடம் கிடக்குதானே."

"நிப்பாட்டினா கோடெல்லாம் கடதாசி ஓடுற ஓட்டத்துக்குக் குறுக்கா விழும். இது சூட்டுல அடிக்கிற சாமான். ஒரு கோட்டுச் சூடு ஆறுறதுக்கு முந்தி வெள்ளை இடம் வந்திரும். கோடு தடிச்சுப் போகும். மெதுவா அடிச்சாத்தான் கொஞ்சம் தப்பும்."

"மெதுவாவா? லொறி பின்னேரம் வருது கா!"

பார்கோடை நட்டமாக்கி, வேகமாகவே அடித்து ஒட்டினார்கள். அவன் தன் போனை லேபிளுக்கு நேரே காட்டினான். அது உடனே இலக்கத்தைச் சொன்னது. "பாத்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்தினான். போன் மங்கலையும் கோணலையும் பொறுத்துக்கொள்ளும். கடை மிஷின் பொறுக்கவில்லை. அறுநூறும் இரண்டாம் தடவையாகத் திரும்பி வந்தன.

சுலோஜனா அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடவும் தெம்பு வேண்டுமே. படத்துக்கு ஒரு லேபிள், பார்கோடுக்கு வேறொன்று என்று பிரித்தாள். கோடுகள் கடதாசி ஓடும் பக்கமாகவே நீள, நாற்பத்திரண்டு மில்லிமீற்றரில் அடித்து, காத்தான்குடி முனாப் காக்காவின் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் கல்லாமேசை மிஷினை நீட்டினார்.

"ஒரே தரத்துல எடுக்குது தங்கச்சி. ஏன் முகம் இப்படிக் கிடக்கு?"

"இனி ஒரு பொதிக்கு ரெண்டு தரம் ஒட்டணும் காக்கா."

பழைய லேபிள் அறுநூறை உரித்தாள். முன்னுக்கு அறுநூறு, பின்னுக்கு அறுநூறு ஒட்டினாள். உதயரூபனும் உதவிக்கு உட்கார்ந்து, இருபது பொதி ஒட்டிவிட்டு இடுப்பு வலியென்று எழுந்துபோனான். அதில் ஏழு கோணல். அவற்றையும் அவளே உரித்து ஒட்டினாள்.

அடுத்த வியாழன் அவன் கொட்டிலுக்குள் ஓடிவந்தான். "சுலோ, எல்லாத்தையும் எடுத்திட்டாங்க! மறுகா ஆயிரத்தைந்நூறு கேக்காங்க!"

அவள் வீங்கிய மணிக்கட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருந்தாள். மூவாயிரம் தடவை ஒட்டவேண்டும். தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்:

"நல்லம் மச்சான். நாளைக்கு நான் வரமாட்டன். நாளண்டைக்கு வாறன்."