மாப்பிள்ளை படைத்த விஸ்கி

எனக்கு எழுத்துதான் தகராறு, மூக்கு அப்படியில்லை. பர்மாவில், பபேடான் கடைத்தெருவில் நாற்பது வருடம் மசாலா அரைத்து விற்றவள். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் மூட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. மகள் ஒரு பர்மாக்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, கண்ணை மூடும்வரை மாப்பிள்ளையிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகு, வருடா வருடம் இலை போட்டு, அவருக்குப் பிடித்த ரம்மையும் வைத்துப் படைப்போம். போன வருடம், கப்பலில் வேலை செய்யும் மாப்பிள்ளை ஸ்காட்லாந்து விஸ்கி ஒரு புட்டியோடு வந்து நின்றார்.

"அமே, இந்தத் தடவை நான் வைக்கிறேன். அப்பா வாங்கிக்குவாரா?" அம்மாவை அமே என்பதுதான் அவர் பாஷை.

கொழுந்தனார் சிரித்தார். "உசுரோட இருக்கப்பவே இவன் கையால அண்ணன் தண்ணி வாங்கலை. இப்பச் சரக்கா வாங்கப்போறாரு? காக்கா வருதான்னு பாப்போம்."

காக்கை வந்து எடுத்தால், போனவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். மாப்பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று.

ஒரு டம்ளரில் ஊற்றி வைக்கச் சொல்லிவிட்டு வடை சுடப் போனேன். திரும்பி வந்தால், மனிதர் மண்டியிட்டு, மந்திரம் முணுமுணுத்துக்கொண்டு, புட்டியிலிருந்து வெண்கலக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறார். இறந்தவருக்குப் புண்ணியம் சேர பர்மாக்காரர்கள் தண்ணீரைத்தான் அப்படி விடுவார்கள். பாதிப் புட்டி கிண்ணத்தில்.

"அட என் ராசா, என்னய்யா பண்றே?"

"செத்தவங்களுக்கு இப்படித்தானே அமே? இனி மரத்தடியில ஊத்தணும்."

"இங்க குடு!" பிடுங்கிய வேகத்தில் வாசனை ஏறியது.

ரம் மாதிரி மூக்கைக் குத்தவில்லை. முதலில் தேன். அப்புறம் காய்ந்த ஆரஞ்சுத் தோல். அதற்கும் பின்னால், நாலு வீடு தள்ளி விறகு எரிகிற மாதிரி கொஞ்சம் புகை. குடித்துப் பழக்கமில்லாதவள்தான், ஆனாலும் பாதி தெரிந்த வாசனையை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பனைவெல்லமாக இறங்கி, தொண்டையில் மிளகாகச் சுட்டது. எல்லாம் அடங்கிய பிறகு உதட்டில் உப்பு நின்றது.

"உப்புப் போடுவாங்களா இதுல?"

"இல்லை அமே. கடலோரக் கொட்டகையில பீப்பாயைப் பல வருசம் வெச்சிருப்பாங்க. கடக்காத்துன்னு சொல்றாங்க."

இருக்கும். ஊறுகாய் ஜாடியே வைத்த இடத்தின் வாசனையை வாங்கிக்கொள்கிறதே. கப்பல் கயிறு இழுத்துவிட்டு வரும் நாளில் என் வீட்டுக்காரர் சட்டையிலும் இந்த உப்பு இருந்தது.

சன்னல் விளிம்பில் சோறும் வடையும், பக்கத்தில் விஸ்கிக் கிண்ணமும் வைத்தாயிற்று. கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை நகரவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? அண்ணன் முறைக்கிறாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. காக்கையைப் பார்த்தே சொன்னேன்: "இங்க பாருங்க. இந்த வீட்டுல உப்பு, ஒறைப்புப் பாத்துச் சொன்னது நான். இதையும் நான்தான் சொல்றேன். ஒசத்திச் சரக்கு. மருமவன் நிக்கிறாரு, வந்து வாங்கிக்கிடுங்க."

காக்கை தலையைச் சாய்த்தது. பறந்து வந்து வடையை மட்டும் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"சோத்தைத் தொடலையே!" என்றார் கொழுந்தனார்.

"சரக்கு இருக்கப்போ உங்க அண்ணன் என்னிக்குச் சோத்தைத் தொட்டாரு? கடிச்சுக்க வடைதானே கேப்பாரு!"

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கிண்ணத்தில் இருந்ததை ஒரு வாய் பார்த்த கொழுந்தனார் உதட்டை நக்கிக்கொண்டார். அப்புறம் டம்ளரை நீட்டினார்.

"சொட்டுச் சொட்டாவே ஊத்துங்க, மாப்ளே. அவசரமில்லை."