பின்சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த மறுவாரம் மாமா காரின் பேச்சை எடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடுத்த தெருவில் இருக்கிறார். "வருஷம் திரும்பிடிச்சு. இன்னும் எத்தினி நாளைக்கு வாசலை அடைச்சிக்கிட்டு நிக்கும்?" என்றார்.

சிதம்பரத்தில் அம்மா வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. அப்பா அதில்தான் இறந்தார். அன்று கடலூரில் என் மகளுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. கணவர் வேலைக்காக வெளியூர் போயிருந்தார். நான் அப்பாவுக்கு போன் செய்து, "பயமா இருக்குதுப்பா" என்றேன். "தோ, கெளம்பிட்டேன்" என்றார். வழியில் ஆலப்பாக்கம் தாண்டி, சாலையை விட்டு ஒழுங்காக ஒதுங்கி நின்றிருந்த காரில், சீட்டில் சாய்ந்தபடி இருந்தவரை ஒரு லாரி டிரைவர்தான் பார்த்திருக்கிறார். மாரடைப்பு என்று சொன்னார்கள். கார் சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மூக்குக்கண்ணாடியோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக் கவரில் வீட்டுக்கு வந்தது. சாவி கையில் இல்லாததால் காரை அன்று யாரும் ஓட்டவில்லை. கிரேன் வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்து வந்தார்கள்.

மாமா புது பேட்டரி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் ஆனது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குள் நின்றுவிட்டது. மறுபடி திருப்பினார். மறுபடி பிடித்தது, கொஞ்சம் ஓடியது, திணறியது, நின்றது.

"போதும்டா, வுட்டுரு" என்று வாசல்படியில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். அப்படியானால் அன்றைக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சு வலித்த நேரத்தில் கார் நின்றுபோயிருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். கடைசியில் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார். கார் ஓடியிருந்தால் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். நான் போன் செய்யாமல் இருந்திருந்தால் அந்தச் சாலைக்கே வந்திருக்க மாட்டார். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனம் போய்க்கொண்டே இருந்தது. கடலூருக்குத் திரும்பிய பிறகும், மகளுக்குச் சோறு ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, கேஸ் அடுப்பைத் திருகும்போதுகூட அந்தச் சத்தம் காதில் கேட்டது. பிடிப்பதும், ஓடுவதும், நிற்பதும்.

கணவர் போனில், "பழைய வண்டிதானே, வித்துடலாம்மா" என்றார்.

"விக்கலாங்க. ஆனா ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

அடுத்த சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

மாமா கூட்டி வந்த மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். வாய் ஓயாதவர். நான் படித்துவிட்டு வந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். பெட்ரோல் கெட்டிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஏதாவது சென்சார் போயிருக்கலாம்.

"யூடியூப்ல எல்லாத்தையும் பாத்துட்டீங்க போலக்கீது. அப்ப நான் டீ குடிக்கப் போவட்டா?"

சொன்னாரே தவிர, அந்த வரிசையில்தான் பார்த்தார். ஒரு வருடப் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். கார் பிடித்தது, நின்றது. ஃபில்டரை மாற்றினார். பிடித்தது, நின்றது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். அது எந்தக் குறையும் காட்டவில்லை.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல். பேஷண்ட்டுதான் எழுந்திரிக்க மாட்டேன்றான்" என்றார். வாசல்படியில் அம்மா நிற்பதை அப்போதுதான் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார்.

இந்த மாதிரிக் கார்களில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் இருக்கிறது. அதுதான் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுகிறது. பின்சீட்டைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். சீட்டைத் தூக்கினோம். கீழே தூசி, நமுத்துப்போன பிஸ்கட் துண்டு, மகளின் சிவப்பு கிளிப் ஒன்று. தொலைத்துவிட்டாள் என்று நான் அவளைத் திட்டிய கிளிப். அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"க்கா, நான் ஸ்டார்ட் பண்றேன். நீங்க காது வச்சிக் கேளுங்க. ம்ம்ம்னு ஓடும்."

மூடியின் மேல் காதை வைத்துப் படுத்தேன். காய்ச்சல் நாட்களில் மகளின் முதுகில் இப்படித்தான் காதை வைப்பேன். மூச்சு விடுகிறாள் என்று கேட்ட பிறகும், கேட்டது சரிதானா என்று மறுபடி வைப்பேன். சாவி திரும்பியது. பம்ப் முனகியது. இன்ஜின் பிடித்தது. பிறகு அந்த முனகல் மெலிந்து, அறுந்தது. அதன் பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் மட்டும்.

"இன்னொரு தடவை" என்றேன். இன்னொரு தடவை கேட்டேன். எழுந்து, "இதுதான் மொதல்ல நிக்குது. அப்பறம்தான் இன்ஜின்" என்றேன். சொன்னதுமே சந்தேகம் வந்தது. "சரியாத்தான் கேட்டனா?"

"அதையும் பாத்துரலாம்."

பேட்டரியிலிருந்து ஒரு வயரை நேராக பம்புக்குக் கொடுத்தார். கார் பிடித்தது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா வேகமாக வெளியே வந்தாள். வந்தவள் கதவருகே நின்றுவிட்டாள். அப்பா வந்து நிற்கும் சத்தம் அது. என் மகள் மட்டும், "தாத்தா வண்டி!" என்று கைதட்டினாள்.

"பம்ப் நல்லாக்கீது. அதுக்குக் கரண்டு போற வழிலதான் கோளாறு" என்று மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். ஓரத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து, பம்புக்கு மின்சாரம் விடும் சின்ன ரிலேவைப் பிடுங்கினார். அதன் கால் ஒன்றில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அது செருகியிருந்த குழியைச் சுற்றி மஞ்சளாகக் கறை.

"இது என்னா மஞ்சளா? மழைத் தண்ணி போனா இப்பிடி இருக்காதே."

மாமா எட்டிப் பார்த்தார். "மஞ்சத் தண்ணியா இருக்கும். சாவு வுழுந்த வண்டியாச்சே. வண்டிய இழுத்தாந்த மறுநாளே பூசணிக்கா சுத்தி ஒடைச்சிட்டு, மஞ்சத் தண்ணிய நாந்தான் ஊத்துனேன். உள்ள, வெளிய, பானட்டத் தூக்கி, ஒரு எடம் வுடாம."

"கொடத்தாலயா?"

"பின்ன? தீட்டு சொட்டு சொட்டாவா போவும்?"

மெக்கானிக் சிரித்தார். "தீட்டு போச்சோ இல்லியோ, ரிலே போச்சு. ஈரம் உள்ளயே நின்னு அரிச்சிப் போயிருக்கு. கொஞ்ச நேரம் கரண்டு போவும், சூடாவும், கட்டாயிடும்."

நான் சிரிக்கவில்லை. "கழுவறதுக்கு முன்னாடியே இந்தக் கோளாறு இருந்திருக்குமா?" என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். "இல்ல, வேற ஏதாவது கோளாறு, அப்ப இருந்து…" என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "க்கா, உங்களுக்கு வண்டி ஓடணுமா, இல்ல வேற எதனா தெரியணுமா?"

அப்போது அம்மா படியிறங்கி வந்தாள். அந்த ஒரு வருடத்தில் அவள் அந்தக் காரின் அருகே வந்து நான் பார்த்ததில்லை. "அப்ப அன்னிக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அவளையும் தின்றிருக்கிறது. ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம், திவசத்துக்குக் காய் நறுக்கினோம். இருவருமே வாய் திறக்கவில்லை.

மெக்கானிக் இப்போது சிரிக்கவில்லை. "நல்லாத்தாம்மா இருந்திருக்கும். இந்த ஒண்ணத் தவிர வேற எதுலயும் கொறை இல்ல."

"அப்ப அவுரேதான் நிறுத்தியிருக்காரு" என்றாள் அம்மா. பிறகு கார்க் கதவில் கையை வைத்தாள்.

மெக்கானிக் புது ரிலே போட்டு, குழியைச் சுத்தம் செய்து, தெருவைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். அன்று சாயங்காலம் அந்தக் காரிலேயே கடலூருக்குக் கிளம்பினேன். "பஸ்ல போயேன்" என்றாள் அம்மா. பிறகு அவளே மகளுக்குப் பின்சீட்டில் தலையணை வைத்துக் கொடுத்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். சரியான இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஒரு வேலிகாத்தான் புதர், அதற்கு அப்பால் வெயில் வடியும் வெளி. இன்ஜினை அணைத்தேன். இப்படித்தான் அணைத்திருப்பார். ரயில்வே கேட்டில் முதல் ஆளாக இன்ஜினை அணைக்கிறவர் அவர். சாவியை உருவி, பையில் போட்டு, கொஞ்சம் சாய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். போன் பக்கத்து சீட்டிலேயே இருந்ததாம். குழந்தையை வைத்துக்கொண்டு பயந்துபோயிருப்பவளை ஏன் கூப்பிட வேண்டும் என்று விட்டிருப்பாரோ? காரைக் கேட்டதுபோல் இதை யாரிடம் கேட்பது?

"வண்டி கெட்டுப்போச்சாம்மா?" என்றாள் மகள்.

"இல்லடா. அம்மாதான் ஆஃப் பண்ணேன்."

"ஏன்?"

சாவியைத் திருப்பினேன். அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் பம்ப் முனகத் தொடங்கியது. இன்ஜின் பிடித்தது. உடனே கிளம்பவில்லை. நிற்காது என்று தெரிந்தும், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.