முப்பத்தெட்டு டிக்கும் ஒரு முட்டையும்

போன வாரம் ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பிலேயே, எல்லோருக்கும் முன்னால். பத்தி எழுதுகிற கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் சுலபம் என்று நினைக்கிறீர்களா? வியர்த்துவிட்டது!

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு டெஸ்ட். 'நான்கு பக்கங்களும் சமமான நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் சமம் என நிரூபி' என்று போர்டில் எழுதிப் போட்டேன். முப்பத்தெட்டுப் பேர் மளமளவென்று நிரூபித்துத் தள்ளிவிட்டார்கள். அத்தனைக்கும் டிக். மரியசெல்வி மட்டும் ஒரே வரி — 'இதை நிரூபிக்க முடியாது.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முட்டை போட்டு, பக்கத்தில் 'திமிரா?' என்றும் எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் ஒரு பனியன் துணித் துண்டோடு வந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அங்கே புதுத் துணியில் மார்க்கர் பேனாவால் ஒரு சதுரம் வரைந்து, துவைத்துப் பார்ப்பார்களாம். துணி முறுக்கிக்கொண்டால் சதுரம் சாய்ந்துவிடும்.

"நாலு பக்கமும் அளந்து பாருங்க சார், சமமா இருக்கும். இப்ப மூலைக்கு மூலை அளங்க... ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. எங்கம்மாதான் வேஸ்ட்டுல தேடித் தேடி, நாலு பக்கமும் சரியா வர்ற துண்டா எடுத்துத் தந்தாவ."

அளந்தேன். அவள் சொன்னபடியே இருந்தது. விடுவேனா? "துணி வேற, கணக்கு வேற" என்றேன்.

"அப்போ காம்பஸ் வச்சு போர்டுல வரையட்டுமா சார்?"

வரைந்தாள். நான்கு பக்கமும் ஒரே அளவு, ஆனால் சாய்சதுரம். மூலைவிட்டங்கள் சமமே இல்லை. 'ஒவ்வொரு கோணமும் 90°' என்று கேள்வியில் எழுத மறந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. (வாத்தியாருக்கே முட்டையா என்று எஸ்.எம்.எஸ். அனுப்பக் கிளம்பிவிடாதீர்கள்... நானே போட்டுக்கொண்டாயிற்று.)

முதல் பெஞ்ச் கார்த்தி எழுந்தான். "ஏனுங்க சார், அப்ப நாங்க நிரூபிச்சது என்னதுங்க?"

எல்லோரையும் அவரவர் தாளை எடுக்கச் சொன்னேன். எந்த வரியில் பிசகு? அவர்களே தேடிப் பிடித்தார்கள். மூன்றாவது வரி — 'கோணம் 90°'. காரணம்? 'தரப்பட்டது.' யார் தந்தது? நான் தரவில்லை! முப்பத்தெட்டுப் பேரும் கூசாமல் எழுதியிருக்கிறார்கள், நானும் கூசாமல் டிக் போட்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள்... வீட்டிலும் ஆபீஸிலும் நாம் போடும் சண்டைகளில் பாதி இப்படித்தானே? யாரும் தராததைத் தந்ததாக வைத்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிடுகிறோம்.

எனக்கு வந்த பயம் வேறு. அந்தத் துண்டு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்? அடுத்த டெஸ்டில் மரியசெல்வியும் மற்றவர்களைப் போலவே எழுதியிருப்பாள், நானும் டிக் போட்டிருப்பேன். அதற்குத்தான் மன்னிப்பு. அந்தப் பெண்ணுக்கும், வேஸ்ட்டைக் கிளறிய அவள் அம்மாவுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பதினெட்டு வருஷமாக நிரூபணம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் என் வகுப்பில் நிஜமாகவே ஒன்று நடந்தது.

'திமிரா?'வை அடித்துவிட்டு, ஐந்துக்கு ஐந்து போட்டு, ஓரத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதித் தாளைக் கொடுத்தனுப்பினேன். திருத்திய தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். வாங்கி வந்தாள்.

அந்த அம்மா கையெழுத்தை மார்க்குக்குக் கீழே போடவில்லை. 'தவறு என்னுடையது'க்கு நேர் கீழே போட்டிருந்தார்!