அக்காவை யாரும் கேட்கவில்லை

இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. எழுதித் தொலைத்தாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

போன மாதம் என் அக்காவுக்குச் சென்னையில் ஆபரேஷன். மார்பகத்தில் கேன்சர் கட்டி. காஞ்சிபுரத்தில் இருபது வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவள். அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி வராண்டாவில் என்னை மடக்கினாள். கையில் ஒரு ஃபாரம்.

"எடுக்கிற கட்டியில டெஸ்ட்டுக்குப் போக மீதியை ஆராய்ச்சிக்குக் குடுக்கச் சம்மதமா சார்? இல்லன்னா வேஸ்ட்லதான் போகும்."

வந்ததே எனக்கு ஆத்திரம்! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்... கேட்கிற நேரமா இது?

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா. வேற ஆளைப் பாரு!" என்று கத்தினேன். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அவளும் 'சம்மதமில்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், அக்கா முழு நினைவோடு படுத்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் வார்டில், பக்கத்துக் கட்டில் வாலாஜாபாத் அம்மா, தன் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏம்பா கேக்கல?"

"வந்தாங்கக்கா. நான்தான் விரட்டி உட்டேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

எழுந்து உட்காரக்கூட முடியாதவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"சாயம் திட்டுத் திட்டா போன நூலை அப்படியே தூக்கிப் போட்டுடுவோமா? ஒரு துண்டு எடுத்து வெச்சிக்கினு, தண்ணியில கோளாறா, சூட்டுல கோளாறான்னு பாக்க மாட்டோம்? அப்பதானே அடுத்த நூலு தப்பிக்கும்! நம்ம அம்மாவுக்கும் இதேதான் வந்துச்சு. இப்ப எனக்கு. நாளைக்கு உன் பொண்ணுக்கு வந்தா இன்னா பண்ணுவ?"

என் பொண்ணுக்குப் பதினாறு வயது. இதை நான் யோசிக்கவே இல்லை.

ஓடிப்போய் விசாரித்தேன். ஆபரேஷன் அன்றே பத்திரப்படுத்தியிருக்க வேண்டுமாம். மீதி குப்பைக்குப் போய்விட்டது.

டாக்டர்களே, ஃபாரத்தைத் துணைக்கு வந்தவனிடம் நீட்டாதீர்கள் — கட்டிலில் இருப்பவருக்கும் வாய் இருக்கிறது. உங்களை இன்னும் திட்டத்தான் ஆசை. ஆனால் 'புரியாது' என்று சொன்னவன் நான்தானே?

தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"கட்டி எனக்கு வந்துச்சு. கோவம் உனக்கு எதுக்குப்பா வந்துச்சு?"