ரன்வே முடிந்த பிறகு என்ன நிலம்?

1. வேலையில் சேர்ந்த அன்று

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு சின்ன விமானப் பயிற்சி மையத்தில் எனக்கு ஹெல்பர் வேலை. புல் வெட்டுவேன், ரன்வேயில் ஆடு மாடு வராமல் பார்ப்பேன், விமானத்தைத் தள்ளி நிறுத்துவேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. முதல் நாளே, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே, ரன்வே முடிஞ்ச பிறகு என்ன இருக்கு?”

“நிலம்ங்க.”

“அது எனக்கும் தெரியுது. என்ன நிலம்? ஈரமா, காஞ்சதா?”

கிளம்பியதும் என்ஜின் பவர் போனால் ரன்வேக்குத் திரும்ப உயரம் பத்தாது; திருப்ப முயன்றால் விமானம் கவிழ்ந்து விழும். மூக்கை இறக்கி எதிரே இருக்கும் நிலத்தில்தான் இறங்க வேண்டும். மேடம் இதைப் பொறுமையாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

மெக்கானிக் விடமாட்டார். “வி.ஏ.ஓ. வந்துட்டாருய்யா! இன்னைக்கு எத்தினி ஏக்கரா பயிரு?” என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

2. ஃபேன் சுற்றும்போது

ஒரு நாள் சைக்கிள் பஞ்சராகித் தாமதமாகத் திரும்பினேன். விமானம் கிளம்பும் முனையில் நின்றது. என்ஜின் ஓடி, மூக்கில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மேடத்தோடு உள்ளே இருந்தவர் வேலூர் கண் டாக்டர். ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்க வந்தவர்.

ரன்வே முடிந்த பிறகு இடது பக்கம் காய்ந்து கிடக்கிறது என்று முந்தின நாள் சொன்னது நான்தான். அன்று விடிந்ததும் அங்கே நடவுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வலது பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி, நிலம் காலியாக இருந்தது.

ஓடுகிற என்ஜினை நானா நிறுத்தச் சொல்வது? கால் நகரவில்லை. ஆனால் என் பேச்சை நம்பித்தான் மேடம் மேலே போகப்போகிறார். எதிரே, எட்ட நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன்.

“யோவ், ஃபேன் சுத்துது! சாவப் போறியா?” மெக்கானிக் கத்தினார்.

மேடம் என்ஜினை அணைத்துக் கதவைத் திறந்தார்.

“நேத்து சொன்னது தப்பு மேடம். லெஃப்ட்ல தண்ணி வுட்டுட்டாங்க, ஒரே சேறு. ரைட்லதான் காஞ்சு கெடக்கு.”

“இதுக்காகவா நிறுத்துனீங்க?” டாக்டருக்குக் கோபம்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். “என்ஜின் போனா என்ன செய்வீங்க டாக்டர்?”

“மூக்கு கீழ. ரைட் சைடு நிலம்.”

“ம். போலாம்.”

ஐந்தாறு பனை உயரம் ஏறியிருக்கும். என்ஜின் இருமி, அடங்கியது. மூக்கு இறங்கியது. விமானம் லேசாக வலது பக்கம் சாய்ந்து வேலிக்கு அப்பால் மறைந்தது. அவ்வளவு தூரம் எப்படி ஓடினேன் என்று தெரியாது.

முன்சக்கரம் வளைந்திருந்தது. இரண்டு பேரும் இறங்கி நின்றிருந்தார்கள். டாக்டர் இடது பக்கத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுல எறங்கியிருந்தா?”

“சக்கரம் பொதைஞ்சு குப்புறக் கவுந்திருக்கும் சார்.”

அவர் மண்ணில் தவறிக் கிடந்த ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தார். இருந்த இரண்டு பருப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

பெட்ரோல் வரும் குழாயில் அடைப்பு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். என்ஜினைப் பற்றி எனக்கு இன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது நிலம். அதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தாரே, அந்த மேடத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நேற்று நீங்கள் சொன்னது இன்று மாறியிருந்தால் வெட்கப்பட்டு நிற்காதீர்கள். கத்துகிறவர்கள் கத்தட்டும். மேலே போகிறவர்கள் நல்லபடியாகக் கீழே வர வேண்டும்.